கிட்டார் ஆம்ப் எவ்வளவு சத்தம், அட்டெனுவேட்டர் எவ்வளவு உதவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்களின் புகார் அநேகமாக ஒன்றுதான். டோன் நன்றாக வரும் இடத்துக்கு வால்யூமைத் திருப்பினால் ஜன்னல் அதிர்கிறது; அக்கம்பக்கத்துக்குப் பயந்து குறைத்தால் டோன் சோர்ந்துபோகிறது. இதற்குத் தீர்வு என்று எல்லோரும் கை காட்டுவது அட்டெனுவேட்டரை, அதாவது ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்துச் சத்தத்தைக் குறைக்கும் பெட்டியை. நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது, டோன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பேர் அதை வாங்காமலே சமாளித்துவிடலாம். அதனால் முதல் சில கேள்விகள் சத்தத்தைப் பற்றி, அப்புறம்தான் அட்டெனுவேட்டர்.

100 வாட் ஆம்ப், 50 வாட் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தமாக இருக்குமா?

இருக்காது. வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆக, 100 வாட் ஆம்ப்பில் பாதிச் சத்தம் தருவது 50 வாட் அல்ல, 10 வாட்.

ஃபென்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட், டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட். காகிதத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டெசிபல் கணக்கில் 6-க்குக் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் மேடையில் ட்வின் மிகப் பெரியதாகத் தெரியும். ஒன்று, அதில் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. இன்னொன்று, டீலக்ஸ் உடையத் (ஒலி சிதையத்) தொடங்கிய பிறகும் ட்வின் க்ளீனாகவே, அதாவது சிதையாமலே, மேலே போய்க்கொண்டிருக்கும். அதிக வாட்டுக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் இந்த க்ளீன் இடத்துக்குத்தான்.

1960களின் நடுவில் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்ததும், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று நச்சரித்ததால்தான். அப்போது கிட்டாருக்கு மைக் வைத்து பிஏ ஸ்பீக்கர் வழியாக அரங்கம் முழுக்க அனுப்பும் வழக்கம் பரவவில்லை. மேடையில் இருக்கும் ஆம்ப்பே கடைசி வரிசை வரை கேட்டாக வேண்டும். இன்றைக்கு அந்தத் தேவை யாருக்கும் இல்லை. ஆம்ப் மட்டும் அப்படியே இருக்கிறது.

வாட் இல்லையென்றால் சத்தத்தை எது தீர்மானிக்கிறது?

ஸ்பீக்கர். இதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் உண்டு: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. செலஸ்டியன் க்ரீன்பேக்குக்கு 98, அதே நிறுவனத்தின் விண்டேஜ் 30-க்கு 100. வெறும் 2 டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் ஆம்ப்பை மாற்றி அந்த 2 டெசிபலைக் கூட்டப் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல் வாட் தேவை. ஸ்பீக்கரை மாற்றி 3 டெசிபல் குறைத்தால், ஆம்ப்பைப் பாதி வாட்டுக்கு மாற்றியதற்குச் சமம்.

க்ரீன்பேக்கையே வைத்துக் கணக்குப் போடுவோம். 1 வாட்டில் 98 டெசிபல். 10 வாட்டில் 108. 1 வாட்டிலேயே 98 என்பதை இன்னொரு முறை பாருங்கள்: பக்கத்தில் நின்று கத்திப் பேசினால்தான் காதில் விழும் என்கிற நிலை அது. "1 வாட் ஆம்ப் வாங்கினால் ராத்திரியில் வாசிக்கலாம்" என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதோடு கேபினெட்டும், அதாவது ஸ்பீக்கர் பெட்டியும், சேரும். ஒரே வாட்டை இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுத்தால், நேர் எதிரே நிற்பவருக்குச் சுமார் 3 டெசிபல் கூடுதலாகக் கேட்கும், முக்கியமாகக் கீழ்ச் சுருதிகளில்.

வால்வ் வாட்டும் ட்ரான்சிஸ்டர் வாட்டும் வேறு வேறா? 30 வாட் வால்வ் ஆம்ப் 100 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பை அமுக்கிவிடும் என்கிறார்களே?

வாட் எல்லாம் ஒன்றுதான். எந்த நிலையில் அளந்தார்கள், எந்த நிலையில் நீங்கள் வாசிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம்.

30 வாட் என்று எழுதியிருக்கும் எண், ஒலி சிதையாமல் இருக்கும் எல்லையில் அளந்தது. வால்வ் ஆம்ப்பை யாரும் அந்த எல்லையோடு நிறுத்துவதில்லை. தாண்டி ஓட்டுவதற்காகத்தானே அதை வாங்குகிறோம். அலை முற்றிலும் சதுரமாகிவிட்டால் அதே உச்ச மின்னழுத்தத்தில் கொள்கையளவில் இரண்டு மடங்கு பவர் வரும். நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் எழுதியிருப்பதைவிடக் கணிசமாக அதிகம் வரும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பும் எல்லை தாண்டினால் இதையேதான் செய்யும். ஆனால் அந்தச் சிதைவு காதுக்குக் கடூரமாக இருப்பதால் நாம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாவது காரணம், வால்வ் ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை, ஓமில் அளப்பது) அதிகம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எங்கெல்லாம் ஏறுகிறதோ, அங்கெல்லாம் ஆம்ப்பின் மின்னழுத்தமும் கூடவே ஏறும். அதனால் அடியில் ஒரு திமிறலும் மேலே ஒரு கூர்மையும் வருகிறது. காது அதைச் சத்தம் என்றே எடுத்துக்கொள்கிறது. இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், அட்டெனுவேட்டர் டோனைக் கெடுக்கும் கதைக்கும் இதுதான் அடிப்படை.

இரண்டு ஆம்ப்களின் சத்தத்தை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

குமிழில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். ஓர் ஆம்ப்பில் 3 என்பது இன்னொன்றில் 6 ஆக இருக்கலாம். சில ஆம்ப்களில் 4-ஐத் தாண்டினால் சத்தம் கூடாது, சிதைவுதான் கூடும். "என் ஆம்ப் 2-லேயே காதைக் கிழிக்கிறது" என்பது அந்த ஆம்ப்பின் குமிழைப் பற்றிய செய்தி, அதன் பவரைப் பற்றியது அல்ல.

ஒரு லூப்பர் பெடலில் ஒரே வாசிப்பைப் பதிந்து ஓடவிடுங்கள். இரண்டு ஆம்ப்பையும் ஒரே கேபினெட்டில் மாற்றி மாற்றி இணையுங்கள். போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு ஒரே இடத்தில் நிறுத்துங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல அது போதும். வால்வ் ஆம்ப் என்றால் கேபிளைப் பிடுங்குவதற்கு முன் ஆம்ப்பை அணையுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் அது ஒரு நொடியும் வாசிக்கக் கூடாது.

எந்த ஆம்ப்பின் டோன் நல்லது என்று பார்க்கிறீர்களா? அப்படியானால் இரண்டையும் 1 டெசிபலுக்குள் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். சமப்படுத்தாவிட்டால் சத்தம் கூடியதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். எல்லாக் காதும் அப்படித்தான், அனுபவசாலியின் காதும் விதிவிலக்கல்ல.

சத்தத்தைக் குறைத்தால் டோன் ஏன் மாறுகிறது?

மூன்று இடங்களில் மாறுகிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் அட்டெனுவேட்டர் பற்றி இவ்வளவு குழப்பம்.

முதலாவது ஆம்ப்பின் உள்ளே. இஎல்34, இஎல்84, 6வி6 போன்ற பவர் வால்வுகளும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் எல்லைக்குத் தள்ளப்படும்போது அழுத்தமும் சிதைவும் சேர்ந்து ஒரு தடிப்பு வரும். மாஸ்டர் வால்யூம் (பவர் வால்வுகளுக்குப் போகும் சிக்னலைக் குறைக்கும் குமிழ்) இல்லாத பழைய வடிவமைப்புகளில் இது டோனில் பெரும்பங்கு.

இரண்டாவது ஸ்பீக்கர். அதிக பவரில் அதன் கூம்பு வளைந்து, தானே கொஞ்சம் அழுத்தமும் சிதைவும் சேர்க்கும். சட்டையைத் தொடும் அந்தக் காற்றும் அப்போதுதான். பக்கத்தில் நிற்கும் கிட்டாரின் தந்தி அந்தச் சத்தத்தில் தானாக அதிர்ந்து சஸ்டெய்ன் நீளும்.

மூன்றாவது நம் காது. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறைய அடிச் சுருதிகளை நாம் மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறோம், உச்சச் சுருதிகளையும் கொஞ்சம் இழக்கிறோம். ஆம்ப்பிலிருந்து வருவது துளியும் மாறாவிட்டாலும் மெதுவாகக் கேட்டால் மெலிந்தே கேட்கும்.

அட்டெனுவேட்டர் காப்பாற்றுவது இதில் முதலாவதை மட்டும். மற்ற இரண்டுக்கும் அதனிடம் மருந்து இல்லை. "டோனை உறிஞ்சிவிட்டது" என்று அதைத் திட்டுகிறவர்களில் பலர் உண்மையில் தங்கள் காதைத்தான் திட்டுகிறார்கள்.

சரி, அட்டெனுவேட்டர் உள்ளே என்னதான் செய்கிறது?

ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, வரும் பவரில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு மிச்சத்தை ஸ்பீக்கருக்கு விடுகிறது. ஆம்ப் தன்பாட்டுக்கு முழு மூச்சில் ஓடுகிறது.

எளிய உதாரணம்: 40 வாட் ஆம்ப், 8 ஓம் ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு இணையாக ஓர் 8 ஓம் ரெசிஸ்டர், அந்த ஜோடிக்குத் தொடராக ஒரு 4 ஓம் ரெசிஸ்டர். இணையாக இருக்கும் இரண்டு 8-ம் சேர்ந்து 4, அதோடு தொடரில் 4, மொத்தம் 8. ஆம்ப்புக்கு வழக்கமான 8 ஓம் சுமைதான் தெரிகிறது. இப்போது 20 வாட் தொடர் ரெசிஸ்டரில் போகிறது, 10 வாட் இணை ரெசிஸ்டரில் போகிறது, ஸ்பீக்கருக்கு 10 வாட் கிடைக்கிறது. கால்பங்கு, அதாவது 6 டெசிபல் குறைவு. மீதி 30 வாட் வெப்பம். பெட்டி சூடாவது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான். அதன் மேல் துணி போடாதீர்கள், காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

அப்படியானால் டோன் ஏன் மந்தமாகிறது? எல்லாச் சுருதியும் சமமாகத்தானே குறைகிறது?

சமமாகக் குறைவதில்லை. மேலே நினைவில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கே வருகிறது.

8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓம் அல்ல. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அதன் ஒத்ததிர்வில் அது பல மடங்கு ஏறும். நடுவில் 8-ஐ ஒட்டி இறங்கும். மேலே சில ஆயிரம் ஹெர்ட்ஸில் காயிலின் இண்டக்டன்ஸ் (சுருதி ஏற ஏறக் கூடும் தடை) காரணமாக மறுபடி ஏறும். வால்வ் ஆம்ப் நேரடியாக ஸ்பீக்கரோடு பேசும்போது இந்த மேடு பள்ளமெல்லாம் ஒலியில் வந்துவிடும். அந்த அடியின் திமிறலும் மேல் கூர்மையும் அதனால்தான்.

நடுவில் ரெசிஸ்டர் வந்ததும் இரண்டு பக்கமும் கெடுகிறது. ஆம்ப் பார்ப்பது பெரும்பாலும் தட்டையான ஒரு ரெசிஸ்டர். ஸ்பீக்கர் பார்ப்பதோ மிகக் குறைந்த இம்பீடன்ஸ் உள்ள ஒரு மூலம். 20 டெசிபல் குறைக்கும் எளிய இணைப்பில் ஸ்பீக்கருக்கு இணையாக இருக்கும் ரெசிஸ்டர் 1 ஓம்கூட இருக்காது. ஸ்பீக்கரை இறுகப் பிடித்துக்கொள்கிறது அது. மேடு பள்ளம் சமமாகிவிடுகிறது, டோன் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிறது. எவ்வளவு அதிகம் குறைக்கிறீர்களோ அவ்வளவு மந்தம். 3 முதல் 6 டெசிபல் வரை அநேகமாகத் தெரியாது, பத்தைத் தாண்டினால் தெரியும். பல அட்டெனுவேட்டர்களில் மேல் சுருதிகளைத் தூக்கும் ப்ரைட் சுவிட்ச் வைத்திருப்பது இதை ஓரளவு ஈடுகட்டத்தான்.

ரியாக்டிவ் என்று விற்பது அதற்கான தீர்வா?

ஆமாம், பெருமளவுக்கு. வெறும் ரெசிஸ்டருக்குப் பதில் காயிலும் கபாசிட்டரும் சேர்த்து ஸ்பீக்கரின் அந்த மேடு பள்ளத்தைப் போலியாக உருவாக்குகிறார்கள். ஆம்ப் அசல் ஸ்பீக்கர் என்று நம்பி ஓடுகிறது. வெபர் நிறுவனத்தின் மாஸ் வரிசையில் இன்னும் நேரடியான வழி: கூம்பு இல்லாத உண்மையான ஸ்பீக்கர் மோட்டாரையே சுமையாக உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வகை, ரீஆம்ப். ஆம்ப்பின் முழு பவரையும் ஒரு சுமையில் எரித்துவிட்டு, அதிலிருந்து சின்ன சிக்னலை மட்டும் எடுத்து, உள்ளேயே இருக்கும் வேறொரு பவர் ஆம்ப் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புவது. ஃப்ரயட் பவர் ஸ்டேஷன், பாஸ் வாசா ட்யூப் ஆம்ப் எக்ஸ்பாண்டர் இரண்டும் இந்த வகை. சத்தத்தை மிகமிகக் கீழே கொண்டுபோனாலும் டோன் நிலைத்திருப்பது இவற்றில்தான். 5 வாட் ஆம்ப்பைப் பெரிதாக்கவும் இதே பெட்டி உதவும். விலையும் எடையும் அதற்கேற்ப இருக்கும். சில சமயம் பெட்டியின் விலையில் இன்னொரு ஆம்ப் வந்துவிடும், அதையும் யோசியுங்கள்.

இதெல்லாம் புதிய யோசனை அல்ல. பாஸ்டன் குழுவின் கிட்டார் கலைஞர் டாம் ஷோல்ஸ் பொறியாளரும்கூட. அவருடைய நிறுவனம் விற்ற பவர் சோக் 1980களின் தொடக்கத்திலேயே பரவலாகப் புழங்கியது.

எத்தனை டெசிபல் குறைத்தால் வீட்டில் வாசிக்கலாம்?

நினைப்பதைவிட அதிகம். 40 வாட் ஆம்ப், 98 டெசிபல் ஸ்பீக்கர் என்று வையுங்கள். முழுச் சத்தத்தில் 1 மீட்டரில் சுமார் 114 டெசிபல். 10 டெசிபல் குறைத்தால் ஸ்பீக்கருக்கு 4 வாட், சத்தம் 104. 20 குறைத்தால் 0.4 வாட், 94. 30 குறைத்தால் 40 மில்லிவாட், 84. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60-ஐ ஒட்டி இருக்கும். அந்த 84-ஐயே பக்கத்து அறையில் தூங்குபவர் சகிக்கமாட்டார்.

ஆக, 12 அல்லது 16 டெசிபலோடு நின்றுவிடும் அட்டெனுவேட்டர் ராத்திரி வாசிக்க உதவாது. அது ஒத்திகை அறைக்கும் சிறிய மேடைக்கும் ஆனது. 100 வாட் ஆம்ப்பை ட்ரம்ஸ் அளவுக்கு இறக்குவதற்கு அது கச்சிதம். படுக்கையறைச் சத்தம்தான் தேவை என்றால் 30, 40 வரை போகும் கருவி வேண்டும். அந்த ஆழத்தில் ரெசிஸ்டர் வகை மந்தமாகிவிடுவதால் ரியாக்டிவ் அல்லது ரீஆம்ப்தான் வழி.

ஓம் பொருந்தியே ஆக வேண்டுமா?

ஆம்ப்பின் அவுட்டும் அட்டெனுவேட்டரின் உள்ளீடும் பொருந்தியே ஆக வேண்டும். ஆம்ப் 8 ஓமில் என்றால் அட்டெனுவேட்டரும் 8. சில கருவிகளில் தேர்வு சுவிட்ச் இருக்கும். டிஎச்டி ஹாட் ப்ளேட் போன்றவற்றை ஒவ்வொரு ஓமுக்கும் தனித்தனி மாடலாகவே விற்றார்கள். பழையது வாங்கினால் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஸ்பீக்கர் பக்கம் அவ்வளவு கறார் இல்லை. அதிகம் குறைக்கும்போது ஸ்பீக்கர் 8 ஆனாலும் 16 ஆனாலும் ஆம்ப் உணருவது அநேகமாக ஒன்றுதான். சற்றே குறைக்கும் நிலையிலும், எதுவும் குறைக்காமல் நேராக அனுப்பும் பைபாஸிலும் அப்படி அல்ல, அப்போது ஸ்பீக்கரும் பொருந்த வேண்டும்.

50 வாட் ஆம்ப்புக்கு 50 வாட் அட்டெனுவேட்டர் போதுமா?

போதாது. உச்சத்தில் ஓட்டினால் 50 வாட் ஆம்ப் 50-ஐத் தாண்டும் என்று மேலே பார்த்தோம். உச்சத்தில் ஓட்டத்தான் அட்டெனுவேட்டரே வாங்குகிறோம். 100 வாட் தாங்கும் பெட்டியை எடுங்கள். உள்ளே சுமை எரிந்து அறுந்துபோனால் கருகுவது ஐம்பது ரூபாய் ரெசிஸ்டர் மட்டுமல்ல, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் கூடப் போகலாம்.

அட்டெனுவேட்டர் ஆம்ப்பைக் கெடுத்துவிடுமா?

சரியாக இணைத்த அட்டெனுவேட்டர் கெடுக்காது. கெடுப்பது நாம் ஓட்டும் விதம். காது வலித்தால் கை தானாகக் குமிழைக் குறைக்கும். அட்டெனுவேட்டர் வந்ததும் அந்தக் கடிவாளம் போய்விடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை மேடையில் மட்டும் முழுமூச்சில் ஓடிய ஆம்ப் இப்போது தினமும் மணிக்கணக்கில் ஓடுகிறது. பவர் வால்வுகள் சீக்கிரம் தேயும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி உபரியாக வைத்திருப்பது நல்லது. பயஸ் (பவர் வால்வுகளில் ஓடும் அடிப்படை மின்னோட்ட அமைப்பு) சரியாக இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைப் பாருங்கள்: உள்ளே இழை ஆரஞ்சாக ஒளிர்வது இயல்பு, வெளித் தகடே சிவந்து காய்ந்தால் உடனே அணையுங்கள்.

உண்மையான ஆபத்து சுமை இல்லாமல் ஓடுவது. சிக்னல் வந்துகொண்டிருக்க, மறுபக்கம் எதுவுமே இல்லையென்றால் ட்ரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, வால்வ் சாக்கெட்டில் பொறி தாவும், அல்லது உள்ளே சுற்றின் காப்பு உடையும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் கதை தலைகீழ். அதற்குத் திறந்த முனை பொதுவாகப் பிரச்சினை இல்லை, ஷார்ட் ஆனால்தான் போச்சு.

எந்த கேபிள் வேண்டும்?

ஆம்ப்பிலிருந்து அட்டெனுவேட்டருக்கும் அங்கிருந்து கேபினெட்டுக்கும் ஸ்பீக்கர் கேபிள். கிட்டார் கேபிள் கூடாது. இரண்டிலும் முனை ஒன்றே என்பதால் மாற்றிச் செருகிவிடுவது சுலபம். கிட்டார் கேபிளின் மெல்லிய நடு இழை அந்த மின்னோட்டத்துக்கு ஆனதல்ல. சூடேறி அறுந்தால், மேலே சொன்ன சுமையில்லாத நிலைதான்.

மாடலிங் ஆம்ப்புக்கோ (மற்ற ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலிசெய்வது) ட்ரான்சிஸ்டர் ஆம்ப்புக்கோ அட்டெனுவேட்டர் வாங்கலாமா?

வேண்டாம். அவற்றின் டோன் முழுக்க மாஸ்டர் வால்யூமுக்கு முன்னாலேயே உருவாகிவிடுகிறது. மாஸ்டரைக் குறையுங்கள், வேலை முடிந்தது.

என் வால்வ் ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் இருக்கிறது. எனக்கு வேண்டுமா?

உங்கள் டோன் எங்கே உருவாகிறது என்பதைப் பொறுத்தது. ஹை கெயின் ஆம்ப்களில் டிஸ்டார்ஷனில் (சிதைவில்) பெரும்பங்கு ப்ரீஆம்ப்பில், அதாவது பவர் வால்வுகளுக்கு முந்தைய கட்டத்தில், பிறக்கிறது. அப்படிப்பட்ட ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு மாஸ்டரே போதும், கூடவே ஈக்வலைசரில் அடியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் காது இழந்ததும் திரும்பக் கிடைக்கும். மாஸ்டர் இல்லாத பழைய மார்ஷல் ப்ளெக்ஸி வகை, ஃபென்டர் ட்வீட் வகை ஆம்ப்களுக்குத்தான் அட்டெனுவேட்டர் உண்மையில் அவசியம்.

மாஸ்டர் குமிழ் தொட்டதும் எகிறுகிறது, நுணுக்கமாகத் திருப்ப முடியவில்லை என்பது வேறு பிரச்சினை. அதற்கு எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீஆம்ப்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல் செருகும் இடம்) ஒரு வால்யூம் பெட்டியோ வால்யூம் பெடலோ செருகினால் போதும். உள்ளே ஒரே ஒரு பொட்டென்ஷியோமீட்டர்தான். அட்டெனுவேட்டரின் விலையில் சிறு பங்கில் முடிந்துவிடும்.

பாதி பவர் சுவிட்ச், இரண்டு வால்வைக் கழற்றுவது, வேரியாக், இதெல்லாம்?

பாதி பவர் என்றால் 3 டெசிபல். சத்தத்துக்காக என்றால் கிட்டத்தட்ட வீண். கொஞ்சம் சீக்கிரம் உடையும், தொடுவுணர்வு மாறும். அது பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பவர் வால்வ் உள்ள ஆம்ப்பில் இரண்டைக் கழற்றுவதும் அதே கணக்கு. சரியான ஜோடியைக் கழற்ற வேண்டும், ஓம் சுவிட்சை ஸ்பீக்கரின் ஓமில் பாதிக்கு மாற்ற வேண்டும். அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 4-இல்.

வேரியாக் (ஆம்ப்புக்குப் போகும் வீட்டு மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) என்றால் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் பெயர் வந்துவிடும். அவர் மின்னழுத்தத்தைக் கூட்டினார் என்று ரொம்ப காலம் நம்பப்பட்டது. உண்மையில் குறைத்துத்தான் ஓட்டினார். குறைக்கும்போது வால்வின் ஹீட்டர் மின்னழுத்தமும் சேர்ந்து இறங்கும் என்பதால் ஓர் எல்லைக்குக் கீழே போகக் கூடாது. கூட்டுவதை நினைத்தே பார்க்காதீர்கள். பவர் வால்வுகளின் உயர் மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கும் பவர் ஸ்கேலிங் என்ற ஏற்பாடு இதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் அது ஆம்ப்புக்குள் கை வைக்கிற வேலை. அணைத்த பிறகும் உள்ளே கபாசிட்டர்களில் உயிரை எடுக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஸ்பீக்கரே இல்லாமல் ஹெட்போனில் வாசிக்க முடியுமா?

முடியும். லோட் பாக்ஸ் வேண்டும், அதாவது பவரை முழுவதும் எரித்துவிட்டு லைன் சிக்னல் மட்டும் தரும் பெட்டி. அந்தச் சிக்னலை நேராக ஹெட்போனில் கேட்டால் கொசுக்கூட்டம் மாதிரி இரையும். காரணம், கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும் ஒரு வடிகட்டி. அது இல்லாமல் டிஸ்டார்ஷன் கேட்கவே முடியாது. அதனால் கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த ஐஆர் கோப்பு ஒன்றை நடுவில் போட வேண்டும். யுனிவர்சல் ஆடியோ ஆக்ஸ், டூ நோட்ஸ் வகைப் பெட்டிகளில் கேபினெட் ஒலி உள்ளேயே வரும். ராத்திரி வாசிப்பதும் வீட்டுப் பதிவும்தான் உங்கள் தேவை என்றால் நான் அட்டெனுவேட்டரைவிட இதையே சொல்வேன்.

எத்தனை டெசிபல் வரை காதுக்குப் பாதுகாப்பு?

அமெரிக்காவின் நயோஷ் அமைப்பு சொல்லும் வரம்பு: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம். அந்த 40 வாட் ஆம்ப் 20 டெசிபல் குறைத்த பிறகும் எங்கே நிற்கிறது என்று மேலே போய்ப் பாருங்கள்.

சின்ன யோசனை ஒன்று. கிட்டார் ஸ்பீக்கரின் மேல் சுருதிகள் டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் போகும். ஆம்ப் தரையில் இருந்தால் அவை உங்கள் முழங்காலுக்குப் போகின்றன. தெளிவில்லையே என்று நீங்கள் ட்ரெபிளையும் வால்யூமையும் கூட்டுகிறீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் செத்தார். ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றுங்கள், இல்லை பின்னால் சாயுங்கள். காசு செலவில்லாமல் கணிசமாகக் குறைத்து வாசிக்க முடியும்.

அட்டெனுவேட்டரை முழுக்கக் குறைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, ஆனால் ஆம்ப்புக்குள்ளிருந்து மெல்லிசாக நான் வாசிப்பது கேட்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் தகடுகளும் சுற்றுகளும் சிக்னலுக்கேற்ப அதிர்வதால் வரும் ஒலி அது. ரியாக்டிவ் பெட்டியின் காயிலும் பாடும். வழக்கமாக ஸ்பீக்கர் சத்தத்தில் அது காதில் விழுவதில்லை. உங்கள் வாசிப்போடு சேர்ந்து வந்து சேர்ந்து நிற்கும் வரை கவலை இல்லை. படபடவென்று பொறி வெடிக்கும் சத்தமோ கருகல் வாசனையோ வந்தால் மட்டும் உடனே அணைத்து, முதலில் கேபிளையும் ஓம் சுவிட்சையும் பாருங்கள்.